ட்ரைபாடா, கிம்பலா, வெறுங்கையா? போன் வீடியோ ஆடாமலிருக்க எது போதும்

போனில் எடுத்த வீடியோ ஆடுகிறது என்றதும் பலருடைய கண் நேராகக் கிம்பல் (மோட்டார்களால் போனை நிலைநிறுத்தும் கைப்பிடி) மீதுதான் போகிறது. ஓடிக்கொண்டே எடுத்த காட்சி வழுக்கிக்கொண்டு போவதை விளம்பரத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நம் வீடியோக்களில் எத்தனைக்குக் கேமரா இடம் மாற வேண்டியிருக்கிறது? ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார், மேசைமேல் ஒரு பொருளைப் பிரித்துக் காட்டுகிறார், மேடையில் குழந்தை ஆடுகிறது. இங்கெல்லாம் மூன்று கால் கொண்ட ஒரு தாங்கி செய்யும் வேலையை மோட்டார் வைத்த கருவி அதே அளவுக்குச் செய்யாது. ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது ஒன்றுதான்: பதிவு ஓடும்போது போன் நகர வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் ட்ரைபாட். பாதி முடிவு இங்கேயே வந்துவிடுகிறது. மிச்சப் பாதி, எந்த ட்ரைபாட் என்பது. பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

கையில் பிடித்தால் ஏன் ஆடுகிறது

ஆட்டம் இரண்டு வகை. ஒன்று, போன் திரும்புவது: மணிக்கட்டு அசைவில் முனை மேலும் கீழும் சாய்வது, பக்கவாட்டில் திரும்புவது, காட்சி உருளுவது. மற்றது, போன் அப்படியே இடம் பெயர்வது. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் எழும்பித் தாழ்வது இதில் சேரும். முதல் வகைதான் தொலைவிலுள்ள காட்சியைக் கெடுக்கிறது. இரண்டாவது, அருகிலுள்ள பொருள்களில்தான் அதிகம் தெரியும்.

எவ்வளவு கெடுக்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பல போன்களின் முதன்மை லென்ஸ், 35 மி.மீ. பிலிம் கேமரா கணக்கில், சுமார் 26 மி.மீ. குவியத்தூரத்துக்கு இணையானது. 1080பி வீடியோவில் அதை 1 பாகை திருப்பினால் காட்சியின் நடுப்பகுதி சுமார் 25 பிக்சல் நகரும். அதே 1 பாகை, தூரத்தை இழுத்துக் காட்டும் 5 மடங்கு டெலி லென்ஸில் சுமார் 120 பிக்சல். அதாவது, சாதாரண லென்ஸில் ‘பரவாயில்லை’ என்று விட்டுவிடக்கூடிய கைநடுக்கம், தூரத்து மேடையை இழுத்து எடுக்கும்போது பார்க்க முடியாததாகிவிடும். ஜூம் போடப் போகிறீர்கள் என்றால் தாங்கி கட்டாயம்.

போனுக்குள்ளேயே இருக்கும் நிலைப்படுத்தல் போதாதா? ஓரளவு போதும். ஓஐஎஸ் என்பது லென்ஸையோ சென்சாரையோ உடல்ரீதியாக அசைத்துச் சின்னச் சின்னத் திரும்பல்களைச் சரிசெய்வது. ஈஐஎஸ் என்பது காட்சியின் ஓரங்களை வெட்டி, வெட்டிய இடைவெளிக்குள் ஒவ்வொரு ஃபிரேமையும் (வீடியோவின் தனித்தனிப் படத்தையும்) நகர்த்திச் சரிக்கட்டுவது. அதற்கு விலையாகக் காட்சிப் பரப்பு குறைகிறது. பகல் வெளிச்சத்தில் இரண்டும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும். மாலை மங்கியதும் கதை மாறுகிறது. ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு ஒளி வாங்கும் நேரம்) மெதுவாவதால் ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளேயே நடுக்கம் கோடிழுத்துப் பதிந்துவிடுகிறது. ஈஐஎஸ் ஃபிரேமை இடம்மாற்றும். ஃபிரேமுக்குள் ஏறிய மங்கலைத் துடைக்காது. விளைவு, காட்சி நிலையாக நிற்கும், ஆனால் அவ்வப்போது துடித்துத் துடித்து மங்கும். இரவு வீடியோக்களில் காணும் அந்த விசித்திரமான துடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எடிட்டிங்கில் நிலைப்படுத்தினாலும் இதே குறை மிஞ்சும்.

ஒன்றும் வாங்காமல்

இரண்டு கைகளாலும் போனைப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, சுவரிலோ தூணிலோ தோளைச் சாய்த்து எடுத்தால் 10 நொடிக் காட்சி ஒன்று ஒப்பேறும். மணலோ தானியமோ முக்கால்வாசி நிரப்பிய துணிப்பையை மதில்மேல் வைத்து, அதில் போனை அழுத்தி நிறுத்துவது அதைவிட நல்லது. முழுக்க நிரப்பினால் பை உருண்டையாகிவிடும், போன் நிற்காது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று கயிற்று முறை. போன் ஹோல்டரின் அடியிலுள்ள 1/4 அங்குல மரையில் ஒரு சிறு போல்ட்டை முடுக்கி, அதில் இழுபடாத நைலான் கயிற்றை வளையமாகக் கட்டுங்கள். வளையத்தை இரண்டு பாதங்களாலும் மிதித்து, கால்களைச் சற்று அகட்டி, போனை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் கயிறு ‘வி’ வடிவில் விறைக்கும். மேல்கீழ் ஆட்டம் நன்றாகவே அடங்கும், பக்கவாட்டு ஆட்டமும் குறையும். எலாஸ்டிக் கயிறு பயன்படாது. ட்ரைபாட் விரிக்க அனுமதியில்லாத இடங்களில் இந்தச் சட்டைப்பைச் சரக்கு கைகொடுக்கும். போல்ட் மட்டும் குட்டையாக இருக்கட்டும். ஹோல்டர் மரையின் ஆழம் சுமார் அரை செ.மீ.தான், நீண்ட போல்ட்டை வம்பாக முடுக்கினால் பிளாஸ்டிக் பிளந்துவிடும்.

ட்ரைபாட்களுக்குள் எது

சந்தையில் ‘போன் ட்ரைபாட்’ என்ற ஒரே பெயரில் நாலைந்து வெவ்வேறு சாமான்கள் விற்கின்றன. செல்ஃபி ஸ்டிக்கே கீழே மூன்று குட்டைக் கால்களாக விரியும் வகைதான் இப்போது எங்கும் காணப்படுவது. பைக்குள் அடங்கும், ப்ளூடூத் ரிமோட்டும் கூடவே வரும். அட்டையில் உயரம் ஒன்றரை மீட்டர் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அந்த உயரத்தில் அதன் கால்கள் விரியும் அகலத்தைப் பாருங்கள், பிரச்சினை புரிந்துவிடும். தண்டின் மேலடுக்குகள் பென்சில் பருமன், உச்சியில் 200 கிராம் போன், அடியில் ஒரு சாண் அகலம். மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். அறைக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, தண்டைப் பாதி மட்டும் உயர்த்தி, மேசைமேல் வைத்து எடுத்தால் குறை சொல்ல முடியாது. வெளியிடத்துக்கு வேண்டாம்.

மேசை ட்ரைபாட்கள், அதாவது 15 முதல் 25 செ.மீ. உயரமுள்ள குட்டி வகைகள், உண்மையில் விறைப்பானவை. உயரம் குறைவு என்பதே அவற்றின் பலம். ஆனால் மேசையின் அதிர்வை அப்படியே போனுக்குக் கடத்தும். தட்டச்சு செய்துகொண்டே அதே மேசையில் வைத்து எடுத்தால் ஒவ்வொரு தட்டலும் காட்சியில் தெரியும், ஒலியில் அதைவிட மோசமாகக் கேட்கும். அடியில் தடித்த மவுஸ்பேட் ஒன்றை மடித்து வைத்தால் பாதி தீரும். கம்பியில், கிளையில் சுற்றிக்கொள்ளும் வளைகால் வகை பயணத்துக்கு வசதிதான். அதன் பந்துமூட்டுகள் நாளடைவில் தளர்ந்து, போனின் எடைக்கு மெதுவாகத் தொய்யும். ஐந்து நிமிடப் பதிவில் தொடுவானம் கண்ணுக்குத் தெரியாமல் சாய்ந்துகொண்டே போயிருந்தால் சந்தேகப்பட வேண்டியது இந்த மூட்டுகளைத்தான்.

ரிங் லைட்டோடு வரும் லைட் ஸ்டாண்டைப் பலர் ட்ரைபாடாகவே பயன்படுத்துகிறார்கள். அசையாத காட்சிக்கு, அறைக்குள், அது சரி. உச்சியில் 16 மி.மீ. முளையும் 1/4 அங்குலத் திருகும் இருக்கும், தலை இருக்காது. போனைச் சாய்க்கவோ திருப்பவோ ஒரு குட்டி பால் ஹெட் (பந்துமூட்டுத் தலை) தனியாக மாட்ட வேண்டும். காட்சி ஓடும்போது கேமராவைத் திருப்புவது என்ற பேச்சே இதில் இல்லை.

கடைசியாக, கேமராக்காரர்களின் சாதாரண ட்ரைபாட். பழைய ஸ்டில் கேமரா ட்ரைபாட் ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரு நல்ல போன் ஹோல்டர் மட்டும் போதும். கேமராக்களின் அடியிலும் ஹோல்டர்களின் அடியிலும் இருப்பது ஒரே 1/4 அங்குல மரை, அங்குலத்துக்கு 20 புரி. காலுக்கும் தலைக்கும் இடையில் மட்டும் சில ட்ரைபாட்களில் 3/8 அங்குலம் இருக்கும், அதற்குச் சின்ன அடாப்டர் வளையம் உண்டு. வாங்குவதானால், இரண்டு மீட்டர் உயரத்தில் மெல்லிய காலைவிட ஒன்றரை மீட்டரில் தடித்த காலே மேல். காலில் அடுக்குகள் மூன்றாக இருப்பது நான்கைவிட விறைப்பு, மடித்தால் சற்று நீளம். எத்தனை அடுக்கு இருந்தாலும் தடித்த மேலடுக்குகளை முதலில் இழுங்கள், மெல்லிய கடைசி அடுக்கு கடைசித் தேவைக்கு. நடுத்தண்டை உயர்த்துவது அதற்கும் பிறகு. நடுத்தண்டை முழுக்க ஏற்றிய ட்ரைபாட், மூன்று கால்மேல் நிற்கும் ஒற்றைக்கால்தான்.

தலையும் ஹோல்டரும்

ட்ரைபாட் கால்களை விலைபேசி வாங்கிவிட்டு, இலவசமாக வந்த பிளாஸ்டிக் ஹோல்டரில் போனைச் செருகுகிறார்கள். ஆட்டம் அங்கிருந்து வருகிறது. ஸ்பிரிங் ஹோல்டர் போடவும் எடுக்கவும் விரைவு. திருகு வைத்து இறுக்கும் ஹோல்டர் உறுதி. ஸ்பிரிங் வகையின் ரப்பர் தேய்ந்தால் போன் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நழுவும். பெரும்பாலான போன்களின் அகலம் 71 முதல் 78 மி.மீ., கேஸ் போட்டால் இன்னும் 3, 4 மி.மீ. கூடும். 90 மி.மீ. வரை திறக்கும் ஹோல்டராகப் பாருங்கள். மேலே மைக்கோ சிறு விளக்கோ மாட்ட ‘கோல்டு ஷூ’ என்ற பொருத்துகாடி இருந்தால் இன்னும் நல்லது.

ஹோல்டரின் வாய் பவர் பொத்தான்மேல் உட்கார்ந்தால் திரை அணையும், வால்யூம் பொத்தான்மேல் உட்கார்ந்தால் தானாகப் பதிவு தொடங்கும் அல்லது நிற்கும். இரண்டுக்கும் இடையில் வெற்றிடம் பார்த்துப் பிடிக்க வேண்டும். அது போனின் நடுவாக அமையாவிட்டால் எடை ஒருபக்கம் இழுக்கும். அப்போது திருகை ஒரு சுற்று கூடுதலாக முடுக்குங்கள். காந்த ஹோல்டர்கள் அசையாத காட்சிக்குப் பரவாயில்லை. ஆனால் போனை ஒரு தட்டு தட்டினால் காந்தத்தின்மேல் அது கொஞ்சம் சுழன்று தொடுவானம் கோணலாகும். அதோடு, கேமராவுக்கு மிக அருகில் வரும் காந்தம் ஓஐஎஸ்ஸைக் குழப்பவும் கூடும்.

தலையில் மூன்று வகை. பால் ஹெட் ஒரே திருகில் எந்தப் பக்கமும் சாயும். அசையாக் காட்சிக்கு அதுவே போதும், திருப்பி எடுப்பதற்கு ஆகாது. தளர்த்தியவுடன் எல்லாத் திசையிலும் ஒருசேரத் தளர்ந்துவிடும். கைப்பிடி வைத்த பான் ஹெட்டில் திசைகள் தனித்தனியே பூட்டப்படும், ஆனால் விலை குறைந்தவற்றில் உராய்வு சீராக இல்லாததால் திருப்பும்போது திக்கித் திக்கிப் போகும். ஃபுளூயிட் ஹெட்டுக்குள் பிசுபிசுப்பான மசகு இருப்பதால் தொடக்கமும் முடிவும் வழுவழுப்பாக வரும். கேமராவைத் திருப்பிக் காட்டுவது உங்கள் வீடியோவில் அடிக்கடி வருமென்றால் மட்டும் இதற்குச் செலவிடுங்கள். திருப்பும் வேகத்துக்குத் திரைப்பட ஒளிப்பதிவில் ஒரு பழைய அளவு உண்டு: ஒரு பொருள் காட்சியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 7 நொடியாவது ஆக வேண்டும். அதைவிட வேகமாகத் திருப்பினால் காட்சி தடதடக்கும்.

கிம்பல் எப்போது, மோனோபாட் எப்போது

நடந்துகொண்டே எடுக்க வேண்டும் என்றால் கிம்பல்தான். அதன் மூன்று மோட்டார்களும் திரும்பல்களை மட்டுமே சரிசெய்கின்றன என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அடிவைக்கும்போது உடல் எழும்பித் தாழ்வதை அவை தடுப்பதில்லை. முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலிலிருந்து விரலுக்கு உருட்டி அடிவைத்து நடக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வராதவர் கையில் கிம்பல் இருந்தாலும் காட்சி படகில் போவதுபோல்தான் இருக்கும்.

போனைக் கிம்பலில் மாட்டிச் சமன்செய்த பிறகே அதை இயக்க வேண்டும். பவர் இல்லாதபோது போன் ஏறக்குறைய நேராக நிற்கவில்லை என்றால், அந்தச் சாய்வைத் தாங்க மோட்டார் ஓயாமல் உழைத்து பேட்டரியைத் தின்னும், சூடேறும். கனமான கேஸ், ஒட்டுலென்ஸ் எல்லாம் கழற்றப்பட வேண்டும். போன் கிம்பல்களின் எடை வரம்பு 300 கிராமை ஒட்டித்தான் இருக்கிறது. தொடுவானம் மெல்ல ஒருபக்கம் சாய்ந்தால், சமதளத்தில் அசையாமல் வைத்து அதன் செயலியிலேயே மறுசீரமைப்பு (கேலிபிரேஷன்) செய்யுங்கள். அடியில் குட்டிக் கால் மாட்டிக் கிம்பலையே ட்ரைபாடாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. பத்து நிமிடத்துக்குச் சரி. ஒரு மணி நேர உரையைப் பதிவுசெய்ய, பேட்டரி தீர்ந்தால் தலை கவிழும் ஒரு பொருளை நம்புவானேன்?

ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் கூட்டத்துக்கானது. மூன்று காலுக்கு இடமில்லை, ஆனால் ஒரு மணி நேரம் கையைத் தூக்கி நிற்கவும் முடியாது என்ற நிலையில் எடையையும் மேல்கீழ் ஆட்டத்தையும் அது வாங்கிக்கொள்ளும். சாய்வும் உருளலும் மிஞ்சும், அவற்றை ஓஐஎஸ்ஸும் ஈஐஎஸ்ஸும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். இந்தக் கூட்டணி பலர் நினைப்பதைவிட நன்றாக உழைக்கிறது.

போன் ஹோல்டரை மோட்டார் பைக் கைப்பிடியில் மாட்டலாமா என்ற கேள்வியும் எழுகிறது. வேண்டாம். பெரிய எஞ்சின் பைக்குகளின் அதிர்வு ஓஐஎஸ் பகுதியைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது.

விரித்த பிறகு

ஒரு கால் படமெடுக்கும் பொருளை நோக்கி இருக்கட்டும். பின்னால் இரண்டு காலுக்கு நடுவில் நீங்கள் தடுக்காமல் நிற்கலாம். சரிவில் இரண்டு கால் கீழ்ப்பக்கம், ஒன்று மேல்பக்கம். காற்றடித்தால் நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடுவார்கள். அந்தப் பை அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே ஆட்டத்தைக் கூட்டும். தரையை லேசாகத் தொடும்படி தொங்கவிடுங்கள். மரத்தளத்தில் யாராவது நடந்தாலே அதிர்வு ஏறும், ஆகவே நடமாட்டப் பாதையிலிருந்து தள்ளி வையுங்கள்.

பதிவுப் பொத்தானை விரலால் தொட்டால் முதல் இரண்டு நொடி ஆடும். ரிமோட், ஸ்மார்ட் கடிகாரம், வால்யூம் பொத்தான் உள்ள ஒயர் இயர்போன், எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்தலாம். எதுவும் இல்லையென்றால் தொட்டுவிட்டு மூன்று நொடி சும்மா இருந்து, பிறகு பேசத் தொடங்கி, முன்பகுதியை வெட்டிவிடுங்கள். விமானப் பயன்முறை போடுவதை மறந்தால், வரும் அழைப்பின் வைப்ரேஷன் ட்ரைபாட் முழுவதையும் உலுக்கும், சில போன்களில் பதிவே நின்றுவிடும்.

ட்ரைபாடில் நின்றதும் ஈஐஎஸ்ஸை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். வெட்டப்பட்ட ஓரங்கள் திரும்பக் கிடைக்கும். முக்கியமாக, கேமராவைத் திருப்பும்போது அந்தத் திருப்பலையே நடுக்கம் என்று நினைத்து அது முதலில் பின்னிழுக்கும், பிறகு தாவிப் பிடிக்கும்; நிறுத்தும்போது காட்சி தாண்டிப்போய்த் திரும்பும். போனின் சொந்தச் செயலியில் அணைக்க வழி இல்லையென்றால், இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா போன்ற செயலியில் உண்டு. ஷட்டரையும் அதில் நாமே வைக்கலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 வைத்தால் விளக்கொளியில் பட்டைபட்டையாக மினுக்கம் வராது. அசையாத பொருளை மங்கலான அறையில் எடுக்கும்போது, 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 25 ஃபிரேம் வைத்து 1/25 வரைகூட, 60 ஹெர்ட்ஸில் 30 ஃபிரேம் வைத்து 1/30 வரைகூட இறங்கலாம். கையில் பிடித்து இப்படி எடுக்கவே முடியாது. ட்ரைபாடின் மறைமுக லாபம் இது: புள்ளிப்புள்ளியான இரைச்சல் குறைந்த இரவுக் காட்சி.

குவியத்தையும் (ஃபோகஸ்) வெளிச்சத்தையும் திரையில் அழுத்திப் பிடித்துப் பூட்டிவிடுங்கள். காட்சி அசையாமல் நிற்கும்போது, குவியம் தேடி முன்னும் பின்னும் மூச்சுவிடுவது பளிச்சென்று தெரியும். இன்னொன்று, ட்ரைபாட் போனை உங்களிடமிருந்து தள்ளிவைக்கிறது, ஒலியும் கூடவே தள்ளிப்போகிறது. ஒரு மீட்டருக்கு மேல் போனால் போனின் மைக்கில் அறையின் எதிரொலிதான் பதியும். சட்டையில் குத்தும் மைக் ஒன்று தேவைப்படும். பட்ஜெட்டில் அதற்கும் இடம் விடுங்கள்.

மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பது தனி வித்தை. வரைவது, தைப்பது, பொருள் பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குப் போன் மேசைக்கு 40 முதல் 60 செ.மீ. மேலே கவிழ்ந்து நிற்க வேண்டும். ட்ரைபாடிலிருந்து பக்கவாட்டில் நீளும் கை ஒன்று வேண்டும், அதற்கு எதிர்எடையும் வேண்டும். போனும் ஹோல்டரும் சேர்ந்து 300 கிராம், கை 50 செ.மீ. நீளம் என்றால், மறுபக்கம் 25 செ.மீ.யில் 600 கிராம் தொங்கவிட்டால்தான் சமன். ஒரு கால் அந்தக் கைக்கு நேர் கீழே இருக்கட்டும். இவ்வளவும் செய்து பதிவைத் தொடங்கினால் வீடியோ நெட்டுக்குத்தாகப் பதிந்திருக்கும். கவிழ்ந்த நிலையில் எந்தப் பக்கம் மேல் என்று போனின் உணரிக்குத் தெரியாது. போனைக் கிடைமட்டமாக நிமிர்த்திப் பிடித்துப் பதிவைத் தொடங்கிவிட்டு, அதன்பிறகு கவிழ்த்து மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

வாங்கும் இடத்தில் ஒரு சோதனை

ட்ரைபாடை நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் உயரத்துக்கு விரித்து, உங்கள் போனையே மாட்டச் சொல்லுங்கள். கேமராவைத் திறந்து, 5 மடங்கு ஜூமில் தூரத்திலுள்ள ஓர் எழுத்தைப் பாருங்கள். ஒரு காலின் நடுவில் விரலால் சுண்டுங்கள். எழுத்து ஆடி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். இரண்டு நொடிக்குள் அடங்கினால் வாங்கலாம். ஐந்தாகியும் அடங்காவிட்டால், ஹோல்டரை விரலால் பிடித்துக்கொண்டு மறுபடி சுண்டுங்கள். இப்போது சீக்கிரம் அடங்குகிறதென்றால் குற்றம் பெரும்பாலும் ஹோல்டரிலோ தலையிலோ இருக்கிறது, அதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் அடங்கவில்லையென்றால் கால்தான் சரியில்லை, அடுத்ததை விரிக்கச் சொல்லுங்கள்.